நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்: பூங்காவில் பறவை நோக்கத் தொடங்குவோருக்கு

பறவை பார்க்கப் பழக வேண்டும் என்று காவிரி டெல்டாவில் யாரிடம் சொன்னாலும் முதலில் கோடியக்கரைக்குப் போகச் சொல்வார்கள். அடுத்ததாக வடுவூர் ஏரி. இரண்டும் குறைசொல்ல முடியாத இடங்கள்தாம். கோடியக்கரை 2002இலும் வடுவூர் 2022இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவரை நேரே அங்கே அனுப்புவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. கோடியக்கரைச் சேற்றுநிலத்தில் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தொலைவில் நின்று மேயும். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே சாம்பல் பழுப்பு. அவற்றைப் பிரித்தறிய நெடுங்காலம் பழகியவர்களே புத்தகத்தைப் புரட்டுவார்கள். முதல் நாளே அங்கே போனவர் "அழகாக இருந்தது" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவார்; ஒரு பறவையின் பெயரும் மனதில் நின்றிருக்காது.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் ஊர் நகராட்சிப் பூங்கா. தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி இருக்கும் சிவகங்கைப் பூங்காவைப் போல, வயதான மரங்களும் பக்கத்தில் ஒரு குளமும் இருந்துவிட்டால் மிக நல்லது. குளம் இல்லாத சிறிய பூங்காவாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கு வேம்பு, இரண்டு புங்கு, ஓர் அரசமரம், ஓரத்தில் கொஞ்சம் வெட்டப்படாத புதர் இருந்தால் போதும். அங்கே வரும் பறவைகளுக்கு மனிதர்கள் பழக்கம். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் பக்கத்தில் உரக்கப் பேசிக்கொண்டு போனாலும் மைனா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு வேண்டியது அரிய பறவை அல்ல. பத்தடி தூரத்தில் அஞ்சாமல் ஐந்து நிமிடம் நிற்கும் பறவைதான் வேண்டும்.

நாள் கேட்டால் பங்குனியில் ஏதாவது ஒரு நாள். நேரம் கேட்டால் காலை ஆறு மணி. இவை இரண்டையும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

பங்குனியின் சிறப்பு

நம் மரபுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். டெல்டாவில் பங்குனி பிறந்த பிறகு பனியைத் தேடினாலும் கிடைக்காது என்பது வேறு விஷயம். ஐரோப்பாவில் வசந்தம் வந்தால் பறவைகள் எல்லாம் ஒன்றாகப் பாடத் தொடங்கும் என்று படித்திருப்போம். அங்கே குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் பல மணி நேர வித்தியாசம் உண்டு. பகல் நீள்வதை உடல் உணர்ந்ததும் இனப்பெருக்கச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இங்கே ஒன்றேகால் மணி நேரம்தான் வேறுபாடு. ஆகவே நம் பறவைகள் பகல் நீளத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. மழை, பூ, பழம், பூச்சி ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது.

நீர்ப்பறவைகள் பலவற்றின் பஞ்சாங்கம் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. ஏரி நிறைந்தால்தான் குஞ்சுகளுக்கு மீனும் நத்தையும் கிடைக்கும். தூக்கணாங்குருவி மழைக்காலத்துப் புல்லும் தானியமும் வரக் காத்திருக்கும். மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும் கிளி, குக்குறுவான், மைனா, புள்ளி ஆந்தை போன்றவை பெரும்பாலும் பனி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் சுறுசுறுப்படையும். குயிலும் காகமும் அதே சமயத்தில்தான் தொடங்கும். ஆகவே பூங்கா மரங்களில் வாழும் பறவைகளுக்குப் பங்குனி என்பது இடம் பிடிப்பதும் இணை தேடுவதும் சண்டை போடுவதுமான மாதம். அவை தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பும் மாதம் என்றும் சொல்லலாம். பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இன்னொரு காரணம் டெல்டாவுக்கே உரியது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படும். மீண்டும் திறப்பது ஜூன் 12இல். சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் நிற்கும், அல்லது வயல் வெடித்துக் கிடக்கும். வாய்க்கால்கள் வறண்டிருக்கும். நான்கு மாதம் நீர் நின்ற நிலத்தில் தவளையும் நண்டும் பொறுக்கிய கொக்குகளுக்கும் மீன்கொத்திகளுக்கும் இப்போது நீர் மிச்சமிருக்கும் இடம் கோயில் குளமும் பூங்காக் குளமும்தான். வேம்பு பூக்கும், புங்கு இலை உதிர்த்துப் புதிதாகத் துளிர்த்துப் பூ வைக்கும், கல்யாண முருங்கையில் சிவப்புப் பூ இருக்கும், ஆலும் அரசும் எப்போதாவது பழுக்கும். சுற்றியுள்ள நிலம் காய்ந்திருக்கும்போது ஊருக்கு நடுவே ஒரு பச்சைத் திட்டு இருந்தால் பறவைகள் வராமல் என்ன செய்யும்?

இவற்றோடு, குளிர்கால விருந்தாளிகளும் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்த சூறைக்குருவிகள் ஏப்ரல் வாக்கில்தான் திரும்பும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் ஆறுமணிக்குருவி, மழைக்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். போவதற்கு முன் புதருக்குள்ளிருந்து விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உள்ளூர்ப் பறவைகளின் ஆரவாரமும் வெளியூர்ப் பறவைகளின் புறப்பாடும் ஒரே வாரத்தில் கலக்கும் இடம் பங்குனி.

ஏன் ஆறு மணி

பங்குனி நடுவில் தஞ்சைப் பகுதியில் சூரியன் ஏறத்தாழ 6.10க்கு எழும். பறவைகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். இருட்டு விலகுவதற்கு முன் முதலில் குரல் கொடுப்பவற்றில் ஒன்று கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். வயலுக்குப் போகும் விவசாயி கடிகாரம் இல்லாத காலத்தில் கரிச்சான் குரலை வைத்து எழுந்தார் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்கலாம். பின் காகம், குயில், செம்போத்து, குண்டுக்கரிச்சான் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அரை மணி நேரத்துக்குள் எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரைச்சல் கூடிவிடும்.

வெளிச்சம் வருவதற்கு முன் ஏன் பாட வேண்டும்? பறவை ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அவை ஒன்றையொன்று மறுப்பவையும் அல்ல. அரையிருட்டில் பூச்சி தெரியாது. இரை தேட முடியாத நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம். காற்று அசையாமல், வாகன ஓசை எழாமல் இருக்கும்போது குரல் தெளிவாகப் போய்ச் சேரும். இரவெல்லாம் பட்டினி கிடந்த பிறகும் உரக்கப் பாட முடிகிற ஆண் பறவை தன் உடல்வலுவை விளம்பரப்படுத்துகிறது. இரவில் பக்கத்து எல்லைக்காரன் இறந்துபோயிருந்தால் அந்த இடம் காலி. அதைக் கைப்பற்ற வேறொன்று வருவதற்கு முன் "நான் இருக்கிறேன்" என்று அறிவித்துவிட வேண்டும். வெளிச்சம் வந்ததும் பாட்டு குறைந்து மேய்ச்சல் தொடங்கும். அப்போதுதான் கண்ணுக்கு வேலை. எட்டரை, ஒன்பது மணிக்கு டெல்டா வெயில் உறைக்கத் தொடங்கியதும் பறவைகள் இலைக்குள் போய்விடும். ஒன்பதரைக்குப் பூங்காவுக்கு வந்துவிட்டு "ஒன்றையும் காணோம்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

அளவு, இடம், செயல்

இனி கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஒரு பறவையைப் பார்த்ததும் நம் மனம் முதலில் பிடித்துக்கொள்வது நிறத்தை. "கறுப்பாக ஒரு பறவை பார்த்தேன், என்ன அது?" என்று கேட்பார்கள். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காகம் கறுப்பு, அண்டங்காக்கை கறுப்பு, ஆண் குயில் கறுப்பு, கரிச்சான் கறுப்பு, நீர்க்காகம் கறுப்பு. இனப்பெருக்கக் காலத்து ஊதாத் தேன்சிட்டு நிழலில் நின்றால் அதுவும் கறுப்பு. சூரியனுக்கு எதிராக ஒரு கிளை நுனியில் உட்கார்ந்தால் பச்சைக்கிளியும் கறுப்புதான். நிறம் வெளிச்சத்தைப் பொறுத்து மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். வயதுக்கும் மாதத்துக்கும் மாறும். ஆகவே அதைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள்.

முதலில் அளவு. இதற்கு அங்குலமும் சென்டிமீட்டரும் உதவாது. மரத்தின் மேல் இருப்பதை யார் அளப்பது? ஏற்கெனவே தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். பறவையியலாளர் சாலிம் அலி தம் கையேட்டில் கடைப்பிடித்த முறை இதுதான்: சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, புறா, காகம், பருந்து என்று படிகள் வைத்து, ஒவ்வொரு பறவையையும் அவற்றில் ஒன்றைவிடச் சிறியது, பெரியது, அதே அளவு என்று குறித்தார். சிட்டுக்குருவி சுமார் 15 சென்டிமீட்டர், மைனா சுமார் 24, காகம் சுமார் 42. இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நீங்கள் ஏற்கெனவே மூன்று பறவைகளைக் கற்றுவிட்டீர்கள். முதல் காலை முழுவதும் மைனாவையே பார்த்தாலும் தவறில்லை. அது நடப்பதும், தத்துவதும், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு விரிவதும் மனதில் பதிந்துவிட்டால் பிறகு எதைக் கண்டாலும் ஒப்பிட ஓர் அளவுகோல் கைவசம் இருக்கும்.

அடுத்தது இடம். மரம் ஒன்றுதான் என்றாலும் அதில் எல்லாப் பறவைகளும் எல்லா இடத்திலும் உட்காருவதில்லை. தரையில் உதிர்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டு ஏழெட்டாகக் கூட்டமாகத் தத்துவது தவிட்டுக்குருவி. புல்தரையில் நீண்ட அலகால் குத்திக் குத்திப் புழு எடுப்பது கொண்டலாத்தி. இடுப்பளவு புதருக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு திரிவது தையல்சிட்டு. அடிமரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவது மரங்கொத்தி. அதன் கடினமான வால் இறகுகள் மூன்றாவது கால் போல முட்டுக்கொடுக்கும். இலைக்கூட்டத்தின் வெளிவிளிம்பில் தலைகீழாகத் தொங்கிப் புழு பொறுக்குவது மாம்பழச்சிட்டு. மொட்டைக் கிளையின் உச்சியில் காலை வெயில் காய்வது செம்மார்புக் குக்குறுவான். உச்சிக்கும் மேலே, எங்கும் உட்காராமல் வட்டமடிப்பது பனை உழவாரன்.

இந்தக் கடைசிப் பறவையை வைத்து, இடம் என்பது எவ்வளவு உறுதியான அடையாளம் என்று காட்டுகிறேன். உழவாரனும் தகைவிலானும் பறக்கும்போது புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்: அரிவாள் இறக்கை, பிளந்த வால், பூச்சி துரத்தும் வேகம். ஆனால் உழவாரனின் கால்கள் மிகச் சிறியவை. செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்க முடியுமே தவிர, கம்பியிலோ கிளையிலோ உட்கார முடியாது. பனை உழவாரன் காய்ந்து தொங்கும் பனை ஓலையில்தான் ஒட்டிக்கொள்ளும், கூடும் அங்கேதான். ஆக, மின்கம்பியில் ஒன்று உட்கார்ந்துவிட்டது என்றால் அது உழவாரன் இல்லை. நிறத்தைப் பார்க்காமலேயே பாதி சந்தேகம் தீர்ந்தது.

மூன்றாவது, என்ன செய்கிறது என்பது. கறுப்புப் பறவைப் புதிர் இங்கேதான் அவிழும். திறந்த கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திடீரென்று பாய்ந்து காற்றில் பூச்சியைப் பிடித்து, அதே கிளைக்குத் திரும்பினால் கரிச்சான். பருந்தாக இருந்தாலும் காகமாக இருந்தாலும் தன் எல்லைக்குள் வந்தால் முதுகில் ஏறிக் கொத்துவதும் அதுதான். மைனாவைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று, நீண்ட வாலோடு இலைக்கூட்டத்துக்குள் பதுங்கிப் பதுங்கிப் போனால், பழம் தின்றால், பின்னாலேயே இரண்டு காகங்கள் துரத்திக்கொண்டு வந்தால், குயில். காகங்களின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவற்றின் கூட்டில்தான் குயில் முட்டையிடும். குளத்து நடுக்கல்லில் இறக்கையை விரித்துவைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் நீர்க்காகம். நீரில் மூழ்க வசதியாக அதன் வெளி இறகுகள் நனைந்துபோகும். அதனால் மூழ்கி எழுந்த பிறகு காயவைக்க வேண்டியிருக்கிறது. பூவின் முன் நொடிப்பொழுது நின்றும், பக்கத்துக் காம்பில் தொற்றியும் தேன் குடித்தால் தேன்சிட்டு. நான்கையும் நிழலுருவமாகப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள். அப்போது அது நன்றாகவே உதவும், ஆனால் எந்த நிறம் என்பதைவிட எந்த இடத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். கொண்டைக்குருவிகளில் இரண்டு வகையை எடுத்துக்கொள்வோம். கன்னத்தில் சிவப்பும் வெள்ளையும் இருந்து, கொண்டை கூராக நின்றால் செம்மீசை வகை. வாலடியில் மட்டும் சிவப்பு, தலை கறுப்பு, உடல் பழுப்பு என்றால் நம் பூங்காக்களில் எங்கும் காணும் சாதாரண வகை. "சிவப்பாக ஏதோ இருந்தது" என்று எழுதிவைத்தால் எந்தப் பயனும் இல்லை. புருவம், கன்னம், தொண்டை, வாலடி, இறக்கைப் பட்டை என்று உறுப்பைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

பங்குனியில் நிறம் செய்யும் ஒரு வித்தையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குளத்தோரம் ஆண்டு முழுவதும் நிற்கும் மடையானை எல்லோருக்கும் தெரியும். மண் நிறத்தில், யாரும் கண்டுகொள்ளாதபடி குனிந்து நிற்கும். பறந்தால்தான் இறக்கை பளிச்சென்று வெள்ளை என்று தெரியும். கோடை தொடங்கி இனப்பெருக்கக் காலம் நெருங்கியதும் அதன் முதுகு முழுவதும் ஆழ்ந்த கருஞ்சிவப்பாக மாறும். வயலில் டிராக்டர் பின்னால் போகும் உண்ணிக்கொக்கும் அப்படித்தான். தலையும் கழுத்தும் முதுகும் காவி பூசினாற்போல் ஆகிவிடும். வெறும் நிறத்தை நம்பியவர் இவற்றைப் புதிய பறவைகள் என்று குறித்துக்கொள்வார். நின்ற விதத்தையும் குனிந்த கழுத்தையும் பார்த்தவர் ஏமாற மாட்டார். ஊதாத் தேன்சிட்டு ஆணும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை இழந்து, அடிவயிறு மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டோடு நிற்கும். செம்மார்புக் குக்குறுவான் மட்டும் எப்போதும் ஒரே அலங்காரத்தில் இருக்கும் நல்ல பிள்ளை.

காதைத் தீட்டுவது

பறவை நோக்கல் என்று பெயர் வைத்திருந்தாலும் பாதிக்கு மேல் வேலை காதுக்குத்தான். இலைகள் அடர்ந்த பூங்காவில் கேட்டவற்றில் சிலவற்றைத்தான் பார்ப்போம். அதனால் முதல் பத்து நிமிடம் எங்கும் நடக்காமல், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன். நடைப்பயிற்சிக்காரர்கள் தியானம் என்று நினைத்துக்கொள்வார்கள்; நினைத்துக்கொள்ளட்டும்.

பறவைக் குரலில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாட்டு. நீளமானது, திரும்பத் திரும்ப வருவது, பெரும்பாலும் ஆண் பறவையுடையது, இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது. மற்றது அழைப்பு. சுருக்கமானது, ஆண்டு முழுவதும் ஆணும் பெண்ணும் குஞ்சும் எழுப்புவது. "எங்கே இருக்கிறாய்", "பூனை வருகிறது", "இது என் கிளை" என்பன போன்ற நடைமுறைச் செய்திகள். மேடைப் பேச்சுக்கும் வீட்டுப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் இரண்டும் ஒருசேரக் கேட்கும். குண்டுக்கரிச்சானை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது வாய் திறப்பது அரிது. இருப்பதே தெரியாமல் புதரடியில் திரியும். இப்போது உயர்ந்த கிளையிலோ வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடியிலோ ஏறி நின்று, ஒரு வரியை மறு வரி ஒத்திராதபடி பாடிக்கொண்டே இருக்கும். கச்சேரி ஊரான தஞ்சாவூரில் இதற்கு மேல் பாராட்டத் தெரியவில்லை: நம் பூங்காக்களில் சிறந்த பாடகர் குயில் அல்ல, குண்டுக்கரிச்சான்தான் என்பது என் தீர்ப்பு.

குயிலைப் பற்றி ஒரு திருத்தம். படிப்படியாகச் சுருதி ஏறி நம் பொறுமையைச் சோதிக்கும் அந்தக் கூவல் ஆண் குயிலுடையது. பெண் கறுப்பே அல்ல. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள். அதன் குரல் "கிக்-கிக்-கிக்" என்ற கடுமையான தொடர். பெண் குரலின் இனிமைக்குக் குயிலை உவமை சொல்பவர்கள் இதைக் கேட்டால் யோசிப்பார்கள்.

குக்குறுவானின் "டுக், டுக், டுக்" யாரும் கேட்டிருக்கக்கூடியது. கன்னான் பட்டறையில் தட்டும் ஓசை என்று சிலர் நினைப்பதும் உண்டு. வாயை மூடிக்கொண்டே தொண்டையை உப்பவைத்து எழுப்பும் ஒலி அது. கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். அதனால் குரல் ஒரு முறை பக்கத்து மரத்திலிருந்தும் மறு முறை தெருவுக்கு அப்பாலிருந்தும் வருவதாகத் தோன்றும். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை. இலை நிறைந்த மரத்தில் தேடினால் கிடைக்காது. இலையற்ற உச்சிக்கொம்புகளை மட்டும் தேடுங்கள்.

செம்போத்தின் "ஊப்-ஊப்-ஊப்" அடிவயிற்றிலிருந்து வருவது. குயில் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் சொந்தமாகக் கூடு கட்டி, சொந்தமாகக் குஞ்சு வளர்க்கும். தையல்சிட்டின் குரல் அதன் உடலுக்குப் பொருந்தாத உரப்பு; புதருக்குள் பெரிய பறவை என்று எண்ணிக் குனிந்து பார்த்தால் கட்டைவிரல் அளவில் ஒன்று இருக்கும். "சிப் சிப் சிப்" என்று நிறுத்தாமல் மரத்தின் மேலிருந்து வந்தால் அவசரப்பட்டுக் குறிப்பெடுக்காதீர்கள். அது அணிலாக இருக்கலாம்.

மிகப் பயனுள்ள குரல் எச்சரிக்கைக் குரல். அமைதியாக மேய்ந்துகொண்டிருந்த தவிட்டுக்குருவிகளும் கொண்டைக்குருவிகளும் ஒரே மரத்தைச் சுற்றிக் கூடிக் கத்தினால் அங்கே போய்ப் பாருங்கள். பாம்போ, பூனையோ, வல்லூறோ இருக்கும். பொந்து வாயில் வெயில் காயும் புள்ளி ஆந்தையாகவும் இருக்கலாம். ஆந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அதைக் கண்டுபிடித்துவிட்டவர்களின் கூச்சலைப் பின்தொடர்வது எளிது.

குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் அவற்றில் பெயர்பெற்றது. பயன்படுத்துங்கள், ஆனால் அது சொல்வதைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலைப் போலச் செய்யும். செயலி வல்லூறு என்று சொன்னால் கிளை நுனியில் கரிச்சான் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. இன்னொன்று: பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். கூடு கட்டும் மாதத்தில் தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நம்பி, இரை தேடுவதை விட்டு அது அலையும்.

கருவி

முதல் சில வாரங்களுக்கு எதுவும் வேண்டாம். பிறகு பைனாகுலர் வாங்குவதானால் 8×42 என்றோ 8×40 என்றோ எழுதியிருப்பதை எடுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் கூடினால் மங்கிய காலையிலும் வெளிச்சம் கிடைக்கும். 20 மடங்கு, 30 மடங்கு என்று கூவி விற்பவை கையில் நிற்காது. மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும்.

பயன்படுத்துவதில் ஒரே ஒரு நுணுக்கம்: பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கீழே குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த கிளையே தொலைந்துபோகும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ளலாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காலையில் என்றால் குளத்தின் கிழக்குக் கரை.

கேமராவை முதல் ஆண்டு வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. படம் எடுக்கத் தொடங்கியவர் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறார் என்பதே என் வாதம். கூட்டைக் கண்டால் படம் எடுக்காமல் நகர்ந்துவிடுவது எல்லோருக்கும் பொருந்தும். நாம் நிற்கும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். நாம் போனதும் முட்டையைத் தேடி அங்கே வரும்.

குறிப்பேடு

ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, பறவையின் பெயர், எத்தனை, என்ன செய்தது. தெரியாத பறவைக்குப் பெயர் கண்டுபிடிக்க அங்கேயே புத்தகத்தில் தலையைக் கவிழ்க்காதீர்கள். அது நிற்கும் வரை பார்த்து, மைனாவைவிடச் சிறியதா பெரியதா, எந்த உயரத்தில், என்ன செய்தது, எந்த உறுப்பில் என்ன நிறம் என்று எழுதிக்கொண்டு, வீட்டில் தேடுங்கள். சில கிடைக்காது. குளிர்காலத்தில் வரும் கதிர்க்குருவிகள் புதருக்குள் "டக், டக்" என்று ஒலியெழுப்பிக்கொண்டு பாதி உடலைக் காட்டிவிட்டுப் போய்விடும். "கதிர்க்குருவி, வகை தெரியவில்லை" என்று எழுதுவது மரியாதைக்குரிய பதிவுதான். ஊகித்துப் பெயர் எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

விரும்பினால் அந்தப் பட்டியலை இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம். 2002இல் தொடங்கப்பட்ட இந்தப் பொதுப் பதிவேட்டில் உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் தைப்பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதன் வழியாகத்தான் நடக்கிறது. ஏற்றும்போது புதியவர்கள் வழக்கமாக ஒன்றைச் செய்வார்கள்: மாங்குயிலையும் மீன்கொத்தியையும் எழுதிவிட்டு, காகத்தையும் மைனாவையும் புறாவையும் விட்டுவிடுவார்கள். அவற்றையும் எழுதுங்கள். கண்டது, கேட்டது எல்லாம் அடங்கிய முழுப் பட்டியல்தான் ஆய்வுக்கு உதவும். பட்டியலில் ஒரு பறவை இல்லை என்றால் அது அங்கே தென்படவில்லை என்று அப்போதுதான் பொருள்கொள்ள முடியும். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிச் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. சிட்டுக்குருவி நாடு முழுவதும் அழிந்துவருகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் மொத்தத்தில் அது ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று அந்த அறிக்கை காட்டியது. யாரும் பொருட்படுத்தாத குருவியைச் சலிக்காமல் எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.